பால் கெட்ட ராத்திரியும் ஒரு யாமல் ஃபைலும்

முன்னாடியே சொல்லிடறேன் மக்கா, இது பொட்டி தட்டற வேலை பத்தின பதிவு. சினிமா விமர்சனம், கவிதைன்னு எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அடுத்த பதிவுக்குத் தாவிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நடுவுல ரெண்டாயிரம் லிட்டர் பால் வருது, ஒரு மனுஷனோட வேலை போகப் பார்த்த கதையும் வருது. அதனால பொட்டி தட்டாதவங்களும் கொஞ்சம் எட்டிப் பாக்கலாம்.

நான் ஆணி புடுங்கற இடத்துல நாங்க செய்யறது ஏபிஐ மேனேஜ்மென்ட் பிளாட்ஃபார்ம். (கம்பெனி பேரு வேண்டாம். எங்க டேமேஜர் இந்தப் பக்கமெல்லாம் வந்து போறதா கேள்வி.) ஒரு கம்பெனியோட மென்பொருள் இன்னொரு மென்பொருளோட பேசற வாசல் இருக்கே, அந்த வாசல்ல நிக்கற வாட்ச்மேன்தான் எங்க சரக்கு. வர்ற ஆளுக்கு சாவி இருக்கா, நிமிஷத்துக்கு எத்தனை தடவை உள்ள வர்றான், உள்ள எந்த ரூம்ல என்ன கிடைக்கும்னு வெளியில ஒரு போர்டு. வாட்ச்மேன், ரிஜிஸ்டர் நோட்டு, போர்டு. இந்த மூணுதான் மேட்டர், மிச்சமெல்லாம் மேக்கப்பு.

இந்த வேலை நல்லா ஓடினதுக்குக் காரணம் ஒரு ஃபைல். முன்னாடி ஸ்வாகர்னு பேரு. 2015ல லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலுக்குப் போய், 2016ல இருந்து ஓப்பன் ஏபிஐ ஆயிடுச்சு. "இந்த முகவரிக்கு இப்படிக் கேட்டா இப்படி பதில் வரும்"னு எல்லாத்தையும் யாமல்ல எழுதி வெச்சுடறது. அந்த ஃபைலை பிளாட்ஃபார்ம்ல ஏத்தினா போதும். வாட்ச்மேனுக்கு வழி தெரிஞ்சுடும், போர்டு தானா எழுதிக்கும், பக்கத்துலயே "ட்ரை பண்ணிப் பாரு"ன்னு ஒரு பட்டனும் வந்துடும். சுகமான வாழ்க்கை.

சிக்கல் என்னன்னா, உலகத்துல எல்லாமே கேட்டு வர்ற பதில் இல்லை. சிலது தானா நடக்கும், நடந்ததும் சொல்லும். பதிவர்களுக்கு இதைப் புரிய வைக்கறது சுலபம். 2013ல மூடின கூகிள் ரீடர் ஞாபகம் இருக்கில்லையா? ஓடை படிக்கற மென்பொருள் எல்லாம் சாதாரணமா என்ன செய்யும்? "புதுப் பதிவு இருக்கா, இருக்கா, இருக்கா"ன்னு உங்க பதிவு ஓடையை வந்து வந்து கேட்டுட்டுப் போகும். நீங்க ஆறு மாசமா ஒண்ணும் எழுதாம இருந்தாலும் கேட்கும் (என்னை மாதிரி ஆளுங்களால அதுக்கு எவ்வளவு வெட்டி அலைச்சல்!). இதுக்கு மாத்தா 2009ல பப்சப்ஹப்பப்னு நாக்கு சுளுக்கற பேர்ல ஒண்ணு வந்துச்சு. பதிவு போட்டதும் நடுவுல இருக்கற ஒரு மையம், கேட்டு வெச்சிருந்த எல்லாருக்கும் தானே ஓடிப் போய் சொல்லிடும். அதுவே பின்னாடி வெப்சப்னு பேரு மாறி 2018 ஜனவரியில டபிள்யூ3சி தரம் ஆச்சு. வந்து வந்து கேட்கறது ஒரு உலகம், நடந்ததும் சொல்றது இன்னொரு உலகம். ரெண்டாவது உலகத்துக்குத்தான் ஈவென்ட்னு பேரு.

இந்த ரெண்டாவது உலகத்துக்கும் ஓப்பன் ஏபிஐ மாதிரி ஒரு ஃபைல் வேணும்னு ஃப்ரான் மெண்டெஸ்ங்கறவர் ஆரம்பிச்சதுதான் ஏசிங்க் ஏபிஐ. (அசிங்க்னு எழுதலாம்னு பார்த்தேன், அசிங்கமா இருந்துச்சு. அதனால ஏசிங்க் :-) ) 2019ல 2.0 வந்துச்சு, 2021ல இதுவும் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போச்சு, 2023 டிசம்பர்ல 3.0. செய்தி எந்த சர்வர் வழியா வருது, எந்த சேனல்ல வருது, அதுக்குள்ள என்னென்ன இருக்கும், யார் அனுப்பறாங்க, யார் வாங்கறாங்க, எல்லாம் அதுல எழுதலாம். காஃப்கா, எம்க்யூடிடி, வெப்சாக்கெட், எது வேணா இருக்கட்டும்.

எங்க டேமேஜரோட எக்செல் ஷீட்டுல இது ஒரு வரி. "ஏசிங்க் ஏபிஐ ஆதரவு: உண்டு / இல்லை." போட்டிக் கம்பெனிக்காரங்க "உண்டு"ன்னு போட்டுட்டாங்க, நாமளும் போடணும். ஃபைலை வாங்கி அழகா ஒரு பக்கமா காட்டினா முடிஞ்சது, ரெண்டு ஸ்பிரின்ட் வேலைன்னாரு. 2022ல இப்படித்தான் ஆரம்பிச்சோம்.

அப்போதான் அந்தப் பால் கம்பெனி அண்ணன் வந்தாரு.

மேற்குப் பக்கம் ஒரு தனியார் பால் கம்பெனி. அங்க கம்ப்யூட்டர் சமாச்சாரம் மொத்தத்தையும் ஒத்த ஆளா பாக்கறவரு. ஊர் ஊரா பால் சேகரிப்பு மையம், ஒவ்வொண்ணுலயும் பல்க் கூலர். சாயங்காலம் கறந்த பால் சூடாத்தான் வரும், அதை நாலு டிகிரிக்கு இறக்கி வெச்சாத்தான் காலையில டேங்கர் வர்ற வரைக்கும் தாங்கும். கூலர்ல ஒரு சென்சார். நிமிஷத்துக்கு ஒரு தடவை எம்க்யூடிடில வெப்பநிலையை அனுப்பும். எம்க்யூடிடிங்கறது 1999ல பாலைவனத்து எண்ணெய்க் குழாயை சேட்டிலைட் வழியா கண்காணிக்க உருவான சங்கதி. லைன் மோசமா இருந்தாலும் ஓடும், அதனால நம்ம கிராமத்துக்கு ரொம்பப் பொருத்தம். வெப்பம் ஏறினா அலாரம் புரோகிராம் மையத்துல சைரனை அடிக்கும். சைரன் வந்ததுக்கு அப்புறம் ராத்திரி ஆபரேட்டர் மணிக்கொருதரம் எந்திரிச்சுப் போய் மீட்டர் பாக்க வேண்டியதில்லைன்னு கம்பெனியே சொல்லிடுச்சு.

ஒரு ராத்திரி ஒரு மையத்துல கம்ப்ரஸர் ட்ரிப் ஆகியிருக்கு. காலையில டேங்கர் வந்து மூடியைத் திறந்தா நாத்தம். ரெண்டாயிரம் லிட்டரும் வாய்க்கால்ல.

ஆபரேட்டர், அம்பது வயசுக்காரர், "சைரன் அடிக்கவே இல்லைங்க"ன்னு சொல்லியிருக்கார். யாரும் நம்பலை. சர்வர்ல பார்த்தா எல்லாம் பச்சை. சென்சார் ஓடுது, நடுவுல இருக்கற புரோக்கர் ஓடுது, அலாரம் புரோகிராம் ஓடுது. எங்கயும் ஒரு எரர் கூட இல்லை. அப்ப என்ன அர்த்தம்? ஆளு தூங்கிட்டு பொய் சொல்றான். கணக்கை முடிச்சு அனுப்பிடலாம்னு பேச்சு நடந்திருக்கு.

"அந்த ஆளு இருவது வருசமா எங்ககிட்ட இருக்கறாருங்க தம்பி. தூங்கிப் போட்டு பொய் சொல்ற ஆளு இல்லீங்க"ன்னாரு அண்ணன். அந்த நம்பிக்கையில ராத்திரி உக்காந்து தோண்டியிருக்கார். நல்ல காலம், ரிப்போர்ட்டுக்காக இன்னொரு புரோகிராம் வர்ற செய்தியை எல்லாம் அப்படியே சேமிச்சு வெச்சிருக்கு. அதுல பார்த்தா, சம்பவத்துக்குப் பதினொரு நாள் முன்னாடி வரைக்கும் செய்தியில "டெம்ப்"னு இருந்த பேரு, அடுத்த நாள்ல இருந்து "டெம்பரேச்சர்"னு இருக்கு. சென்சார் வித்தவங்க ஃபர்ம்வேரை மாத்தியிருக்காங்க, போற போக்குல பேரையும் மாத்திட்டாங்க. அலாரம் புரோகிராம் "டெம்ப் எட்டுக்கு மேல போனா சைரன் அடி"ன்னு காத்துக்கிட்டிருக்கு. டெம்ப்ங்கறதே வரலை. வராதது எப்படி எட்டுக்கு மேல போகும்? கம்முனு இருந்துடுச்சு.

பாருங்க, அந்த ராத்திரி பூரா சென்சார் பாட்டுக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டுன்னு கத்திக்கிட்டேதான் இருந்திருக்கு. கேட்க வேண்டிய காதுக்கு பாஷை மாறிப் போச்சு. அதுக்கு முன்னாடி பத்து நாளும் இதே கதிதான், எந்த மையத்துலயும் சைரன் அடிச்சிருக்காது. யாருக்கும் சந்தேகம் வரலை. ஏன்னா சைரன் அடிக்காத நாள்தானே நல்ல நாள்!

ஆபரேட்டர் வேலை தப்பிச்சது. பால் போனது போனதுதான். "யாரு என்ன அனுப்பறாங்க, அதை யாரு யாரு கேக்கறாங்க, இதுக்கு ஒரு நோட்டு வேணுங்க தம்பி. உங்க சாமான்ல முடியுங்களா?" இதுதான் அண்ணன் கேட்ட கேள்வி. அழகான பக்கமெல்லாம் அவர் கேட்கவே இல்லை.

இங்கதான் எனக்கு விஷயம் உறைச்சுது. கேள்வி-பதில் உலகத்துல தப்பு கத்தும். முகவரியை மாத்தினா 404, சாவி தப்புன்னா 401, மறுமுனையில இருக்கறவன் போன் பண்ணித் திட்டுவான். ஈவென்ட் உலகத்துல தப்பு அமைதியா இருக்கும். அனுப்பறவனுக்கு யார் கேட்கறாங்கன்னே தெரியாது. அப்படித் தெரியாம இருக்கறதுதான் அந்த அமைப்போட வசதியே. அதனால ஓப்பன் ஏபிஐக்கு போர்டு முக்கியம்னா, ஏசிங்க் ஏபிஐக்கு ரிஜிஸ்டர் நோட்டுதான் முக்கியம். ஃபைலை வாங்கி அழகா காட்டிட்டு "ஆதரவு உண்டு"ன்னு டிக் அடிக்கறது, வாட்ச்மேன் இல்லாத வீட்டு வாசல்ல "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு மாட்டற மாதிரி.

சரி, டேமேஜரை எப்படியோ ஒத்துக்க வெச்சு (அது தனிப் பதிவு) வேலையில இறங்கினோம். அப்புறம்தான் தெரிஞ்சது, எங்க பிளாட்ஃபார்ம்ல ஒவ்வொரு செங்கல்லயும் "ஒரு கேள்வி, ஒரு பதில்"னு எழுதியிருக்குன்னு.

நிமிஷத்துக்கு நூறு தடவைன்னு கட்டுப்பாடு வைக்கறோமே, வெப்சாக்கெட்ல எதை எண்ணறது? கனெக்‌ஷன் ஒரே ஒரு தடவைதான் திறக்குது. அப்புறம் ஆறு மணி நேரம் அது வழியா லட்சம் செய்தி போகுது. கனெக்‌ஷனை எண்ணினா எல்லாருமே உத்தமன். செய்தியை எண்ணித்தான் ஆகணும். சாவிக்கு ஆயுள் ஒரு மணி நேரம், ஆனா உள்ள வந்தவன் காலையில இருந்து உக்காந்திருக்கான். சாவி காலாவதியானதும் எழுப்பி அனுப்பறதா, இல்லை வந்தவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்னு விடறதா? இதுக்கு மட்டும் மூணு மீட்டிங். "ட்ரை பண்ணிப் பாரு" பட்டன் இன்னும் தமாஷ். டெஸ்டிங் டீம் பொண்ணு "பட்டனை அமுக்கினா பக்கம் தொங்குது"ன்னு பக் போட்டுடுச்சு. தொங்கலைம்மா, ஈவென்ட் எதுவும் நடக்கலை, நடந்தாத்தான் வரும்னு சொன்னா, "அப்ப இது வேலை செய்யுதா இல்லையான்னு நான் எப்படிண்ணா சொல்றது"ன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்வி. அலாரம் புரோகிராமைப் பார்த்து பால் கம்பெனிக்காரங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதேதான்.

அப்புறம் திசைக் குழப்பம். ஏசிங்க் ஏபிஐ 2ல ஒரு சேனலுக்குக் கீழ "பப்ளிஷ்"னு எழுதியிருந்தா, அந்த அப்ளிகேஷன் செய்தி அனுப்புதுன்னு தானே நினைப்பீங்க? அதான் இல்லை. "நீ இங்க அனுப்பலாம், நான் வாங்கிக்கறேன்"னு அர்த்தம். "சப்ஸ்கிரைப்"னா அந்த அப்ளிகேஷன்தான் அனுப்பும். படிக்கறவன் பக்கத்துல இருந்து எழுதின வார்த்தை. பத்து பேர்ல ஒன்பது பேர் தலைகீழாத்தான் எழுதிக்கிட்டு வந்தாங்க. பால் கம்பெனி அண்ணன் எழுதின முதல் ஃபைலும் அப்படியே, அதன்படி பார்த்தா அலாரம் புரோகிராம் கூலருக்கு வெப்பநிலை சொல்லுது! 3.0ல இதை மொத்தமா எடுத்துட்டு "சென்ட்", "ரிசீவ்"னு வெச்சாங்க. ஃபைல் யாரைப் பத்தினதோ அந்த அப்ளிகேஷன் அனுப்புதா வாங்குதா, அவ்வளவுதான். சேனலையும் பிரிச்சுத் தனியா வெச்சாச்சு. என்னைக் கேட்டா 3.0ல உருப்படியான மாற்றம் இதுதான். ரெண்டு வகை ஃபைலையும் வாங்கி உள்ள ஒரே மாதிரி வெச்சுக்கறதுக்கு நாங்க பட்ட பாடு வேற.

மத்தவங்க எப்படி செஞ்சிருக்காங்கன்னும் பார்த்தோம். கொழும்புல வேர் விட்ட டபிள்யூஎஸ்ஓ2 தன்னோட ஏபிஐ மேனேஜர் 4.0ல, 2021லயே, வெப்சாக்கெட், எஸ்எஸ்இ, வெப்சப் மூணையும் ஸ்ட்ரீமிங் ஏபிஐன்னு சேர்த்து, ஏசிங்க் ஏபிஐ ஃபைல்ல இருந்தே உருவாக்கற மாதிரி கொடுத்துட்டாங்க. புத்திசாலித்தனமான எல்லைக்கோடு. மூணுமே எச்டிடிபி வாசல் வழியா உள்ள வர்றது, ஏற்கனவே இருக்கற வாட்ச்மேனுக்குத் தெரிஞ்ச வாசல். காஃப்கா அப்படி இல்லை. காஃப்காவுக்கு முதல்ல ஒரு முகவரியில போய்க் கேட்டா "உனக்கு வேண்டிய பார்ட்டிஷன் அந்த மெஷின்ல இருக்கு, நேரா அங்க போ"ன்னு விலாசம் கொடுத்துடும். வாசல்ல நிக்கற வாட்ச்மேனைத் தாண்டி ஆளு கொல்லைப்புறமா போயிடுவான். தடுக்கணும்னா அந்த பதிலை நடுவுல பிடிச்சு விலாசத்தையே மாத்தி எழுதணும். எச்டிடிபி மட்டும் படிச்ச வாட்ச்மேனுக்கு அந்த பாஷையே தெரியாது.

"ஓப்பன் ஏபிஐலயே 3.1ல வெப்ஹுக் வந்துடுச்சே, அது போதாதா"ன்னு சிலர் கேட்பாங்க. வெப்ஹுக் மட்டும் அனுப்பற கடைன்னா போதும், தாராளமா அதுலயே இருங்க. எம்க்யூடிடிக்கும் காஃப்காவுக்கும் அது ஆகாது.

பால் கம்பெனிக்கு கடைசியில என்ன செஞ்சோம்னா, செய்தியை எங்க வழியா ஓட விடலை. புரோக்கர் அங்கயே இருக்கட்டும். ஆனா அதுல கேட்கணும்னா தனித்தனி பேரும் பாஸ்வேர்டும் எங்க பிளாட்ஃபார்ம்லதான் வாங்கணும், எதுக்காகக் கேட்கறேன்னு எழுதி. எல்லாருக்கும் பொதுவா இருந்த ஒரே பாஸ்வேர்டை ஒரு நாள் குறிச்சு மூடினோம். மூணு புரோகிராம்தான் கேட்குதுன்னு அண்ணன் சொல்லியிருந்தார். மூடின அன்னிக்கு அழுதுக்கிட்டு வந்தது ஏழு. ஏழாவது, என்னிக்கோ வேலையை விட்டுப் போன ஒருத்தர் எழுதினது, மாடிப்படிக்குக் கீழ ஒரு பழைய சிபியுல ஓடிக்கிட்டிருக்கு. டேங்கர் டிரைவருங்களுக்கு காலையில போற எஸ்எம்எஸ் அதுல இருந்துதான் போகுதாம்!

அடுத்தது, எங்க பிளாட்ஃபார்மும் ஒரு காதா போய் உக்காந்துக்கிச்சு. வர்ற ஒவ்வொரு செய்தியையும் ஏசிங்க் ஏபிஐ ஃபைல்ல இருக்கற ஸ்கீமாவோட ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தலைன்னா சத்தம் போடும். இதை எழுதி முடிச்சு, அந்தப் பதினொரு நாள் செய்தியையே போட்டு ஓட்டினோம். சத்தமே வரலை! எல்லாம் சரின்னு சொல்லுது.

காரணம் இதுதான், இதை நீங்க யாராவது செய்யறதா இருந்தா கண்டிப்பா கவனிங்க. ஜேசான் ஸ்கீமாவுல "டெம்ப், அது எண்"னு மட்டும் எழுதினா, "டெம்ப் வந்தா எண்ணா இருக்கணும்"னுதான் அர்த்தம். வரலைன்னா பரவாயில்லை. தெரியாத புதுப் பேரு ஒண்ணு வந்தாலும் பரவாயில்லை, அது பாட்டுக்கு விட்டுடும். அதாவது பேரு மாறினா டெம்ப் வரலை (ஓகே), டெம்பரேச்சர்னு என்னமோ வருது (ஓகே). வந்தே தீரணும்னா "ரிக்வயர்ட்"னு தனியா ஒரு வரி எழுதணும். அண்ணனோட ஸ்கீமா ஒரு மாதிரிச் செய்தியைக் கொடுத்து ஒரு டூல்ல தானா எடுத்தது, அதுல அந்த வரி இல்லை. ஒத்த வரி சேர்த்ததும் பதினொரு நாளும் சிவப்பு.

அதனால இப்போ எங்க பிளாட்ஃபார்ம்ல "ரிக்வயர்ட்" இல்லாத ஸ்கீமாவை ஏத்தினா மஞ்சள்ல ஒரு எச்சரிக்கை வரும். புது ஃபைல் ஏத்தும்போது பழசோட ஒப்பிட்டு, ஏதாவது பேரு காணாமப் போயிருந்தா, அந்த சேனலைக் கேட்கற அத்தனை பேர் பட்டியலையும் காட்டி "இவங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா"ன்னு கேட்கும். டேமேஜர் இதை டெமோவுல கடைசி அஞ்சு நிமிஷத்துக்குத் தள்ளிட்டார், அழகான பக்கம்தான் முதல்ல. ஆனா வாடிக்கையாளருங்க கேள்வி கேட்கறது எல்லாம் இந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்துலதான்.

சென்சார் விக்கறவங்களை மட்டும் இன்னும் உள்ள கொண்டு வர முடியலை. ஃபர்ம்வேர் மாத்தறதுக்கு முன்னாடி புது ஃபைலை ஏத்துங்கன்னு அண்ணன் ஒப்பந்தத்துல ஒரு வரி சேர்க்கச் சொல்லிக்கிட்டிருக்கார். அவங்க "பாக்கலாம் சார்"ங்கறாங்க.

காஃப்கா பாக்கி இருக்கு. டீம்ல பாதிப் பேர் நடுவுல ப்ராக்ஸி போட்டு விலாசத்தை மாத்தி எழுதிடலாம்ங்கறாங்க, மீதிப் பேர் பால் கம்பெனிக்குச் செஞ்ச மாதிரி பாஸ்வேர்டை மட்டும் நம்ம கையில வெச்சுக்கிட்டா போதும்ங்கறாங்க. நான் ரெண்டாவது கட்சி. முதல் வழியில போய் அடிபட்டவங்களோ ஜெயிச்சவங்களோ இந்தப் பக்கம் வந்தீங்கன்னா பின்னூட்டத்துல ரெண்டு வரி சொல்லிட்டுப் போங்க. அடுத்த புதன்கிழமை மீட்டிங்கு, கையில ஏதாவது வெச்சுக்கிட்டுப் போனா நல்லாருக்கும் :-)